இல்லாத வாசலில் இடது பக்கம்

மார்ச் 3

நான்கு சாலை கூடுகிற இடத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்பவனுக்கு என்ன குறை? அந்தக் காலத்தில் ஒட்டகத்தின் மேல் கட்டினார்கள், இப்போது லாரியின் மேல் கட்டுகிறார்கள். சுமை உள்ளவரை கயிறு போகும்.

காலையில் ஒரு வெளியூர் டிரைவர் வழி கேட்டார். "உப்பு வாசல் தாண்டி, ஒட்டகச் சந்தையில திரும்புங்க" என்றேன். அரை மணி கழித்து மறுபடி என் கடை முன்னாலேயே வந்து நின்றார். "அண்ணே, வாசலையும் காணோம், ஒட்டகத்தையும் காணோம்!"

சிரித்து மாளவில்லை. வாசல் இடிந்து முன்னூறு வருஷம். சந்தை இருந்த இடத்தில் பஸ் நிலையம். நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்வோம். பதினெட்டு வயதில் வெறுங்கையோடு வந்தவன் நான். இந்தப் பெயர்கள் நாக்கில் ஏறிய அன்றுதான் ஊர்க்காரன் ஆனேன்.

மார்ச் 9

வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில். எழுதக் கை வரவில்லை.

மார்ச் 11

கண் திறந்துவிட்டாள். இனி எழுதலாம்.

ஒன்பதாம் தேதி மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் வழி கேட்டார். நான் என்ன சொன்னேன்? "விளக்கு வாசல்ல இடது பக்கம், பழைய குளத்தைச் சுத்தினா மூணாவது வீடு."

எந்த வாசல்? எந்தக் குளம்? அந்த மனுஷன் ஊருக்கு வந்து பத்து நாள். போனில் தேடினால் எங்கோ ஒரு விளக்குக் கடையைக் காட்டியதாம். சைரன் கிட்டே வருது, தள்ளிப் போகுது — நான் கத்துறேன், "யோவ், விளக்கு வாசல் தெரியாதா உனக்கு?" எப்படிய்யா தெரியும்? தபால் விலாசம் வாயில் வரவேயில்லை. கடைசியில் மகள்தான் தெருமுனைக்கு ஓடிக் கைகாட்டிக் கூட்டி வந்தாள்.

இருபத்திரண்டு நிமிஷம். ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா..." என்று இழுத்தார் டாக்டர்.

ஊரை விற்கும் அளவுக்கு வாய் இருக்கு. என்ன புண்ணியம்?

மார்ச் 12

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நானா இருந்தாலும் விளக்கு வாசல்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். பிறகு, "நெஞ்சுவலி எனக்கு. நீங்க ஏங்க அழுறீங்க?"

மார்ச் 19

கடைக்காரர்களைக் கூட்டிப் பேசினேன். இனி எல்லோரும் நகராட்சி வைத்த தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார்கள். டீ வந்தது. பூட்டுக்கடைக்காரர் எழுந்தார்: "சரி, நான் உப்பு வாசல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

வாங்க ஆளில்லாத சரக்கை அடுக்கிப் பயனில்லை. நாக்கு மாறாது. சுவர் மாறட்டும். எது எங்கே இருந்ததோ அங்கே பெரிய எழுத்தில் அதன் பெயரை எழுதிவிடலாம்.

மார்ச் 24

எங்கே இருந்தது என்பதில்தான் குடுமிப்பிடி. விளக்கு வாசல் தன் கடையருகே என்கிறார் தையல்காரர், இல்லை, தன் கடையருகே என்கிறார் பூட்டுக்காரர்.

"எங்க தாத்தா கண்ணால பாத்திருக்காரு!"

"உங்க தாத்தாவோட தாத்தா பொறக்கும்போதே வாசல் இல்லய்யா!"

ஆஸ்பத்திரியில் இதை நடித்துக் காட்டினேன். சிரிக்கக்கூடாது என்று நர்ஸ் அதட்டினார். வீட்டுக்காரி தீர்ப்புச் சொன்னாள்: "வண்டி எங்க திரும்பணுமோ அங்க எழுதுங்க. வாசல் கோவிச்சுக்காது."

மார்ச் 30

வீட்டுக்கு வந்துவிட்டாள். முதல் வேலையாக அடுப்படியைப் பார்த்து, "யாருங்க இங்க சமைச்சது, லாரிக்காரங்களா?"

ஏப்ரல் 8

பதினேழு இடத்தில் எழுதியாயிற்று. குளம் இருந்த இடத்தில் 'பழைய குளம்' என்று நீல எழுத்து. யாரோ அடியில் 'நீந்தாதீர்' என்று கரியால் கிறுக்கியிருக்கிறான். அழிக்க மனம் வரவில்லை.

மே 14

பகல் பதினொன்று இருக்கும். தையல்காரரின் அப்பா மாடிப்படியில் விழுந்துவிட்டார். தையல்காரர் போனில், "விளக்கு வாசல்ல இடது பக்கம்!" என்று கத்தியது என் கடைவரை கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடி, நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

வண்டி அதற்குள் வந்துவிட்டது. அன்று எங்களுக்கு வந்த அதே ஆம்புலன்ஸ் டிரைவர். ஹாரனை அழுத்தி, தலையை வெளியே நீட்டி, "தெரியும்ணே, ஓரம் போங்க!" என்றார்.

ஓரம் போனேன். என்னைக் கேட்காமலே வண்டி திரும்பியது.