ஒரு சொல்லுக்காக நின்ற கப்பல்

கடல் பொய்க்காதிருக்க, கரை ஓங்கியிருக்க. சங்கலைத் துறையை மன்னர் பெயரால் ஆளும் இளவரசி நித்திலவல்லி, தலைநகர்ச் சொல்மன்றத்தின் முதல்வர், பன்மொழி வல்ல பெருந்தகை மாறன் அறவாழியாருக்கு விடுக்கும் ஓலை. தாங்களும் மன்றத்தாரும் நலமுடன் இருப்பீர்களாக. இங்கே நலம் இல்லை.

ஆங்கிலக் கப்பலுக்கு ஒரு பருவம் முத்துக் குளிக்க நம் ஆட்களை அனுப்ப உடன்பட்டிருந்தோம். அது திரும்பி வராத தூரம் போகிறது என்று அறிந்ததும் மன்னர் அந்த உடன்படிக்கையை விலக்கிக்கொண்டார். கப்பல் தலைவனும் மறுக்கவில்லை. தன் மொழியில் ‘கேன்சல்’ செய்தாயிற்று என்று எழுதி, அரச முத்திரையிட்ட ஓலை வந்தால், ஏற்றிய ஆட்களை இறக்கிவிடுவதாக வாக்களித்தான். அயல்மொழிச் சொல் எதுவும் மன்றத்தார் ஒருமனதாக ஏற்ற பின்பே முத்திரை பெறும் என்பது நம் நாட்டு வழக்கம். ஆகவே அச்சொல்லைத் தங்களிடம் அனுப்பினேன்.

எழுதியதன் மேல் பலகணிக் கம்பிகள் போலக் குறுக்குக் கோடு இழுத்து, அதை இல்லாததாக்குவதே அச்சொல்லின் ஆதிப் பொருள் என்று அழகாக விளக்கினீர்கள். விருந்தை, பயணத்தை, ஆணையை அவ்வாறு செய்யலாம் என்றும் எழுதினீர்கள். பிறகு, செய்து முடித்ததாகச் சொல்லும்போது அதில் ‘எல்’ என்னும் எழுத்து ஒன்றா, இரண்டா என்று மன்றம் இரு அணியாகப் பிரிந்தது. ஆங்கிலேயரின் தாய்நாட்டார் இரண்டு எழுதுவர், அங்கிருந்து கடல் கடந்து குடியேறியோர் ஒன்றே எழுதுவர். எதுவாயினும் தனக்குச் சம்மதமே என்று கப்பல் தலைவன் கூறியதைத் தூதர் மேல் தூதராக அனுப்பித் தெரிவித்தேன். வாதம் நிற்கவில்லை. முத்திரையில்லாமல் நானே எழுதிக் கொடுத்த ஓலையை அவன் வாங்க மறுத்தான்.

கப்பலில் ஏற்றப்பட்ட முத்துக் குளிப்போருள் ஒருவனான கடலனின் மனைவி உமைச்சி என் முன் வந்து, “ஒண்ணோ ரெண்டோ, எங்க ஆளுக எறங்குன பொறவு ஆற அமர சண்ட போடச் சொல்லுங்கம்மா. அந்தப் புலவருக வீட்டு ஆளு யாராச்சும் கப்பல்ல இருக்காகளா?” என்று கேட்டாள். காற்று திரும்பியது. பாய் விரிந்தது.

இன்று தங்கள் முடிவு வந்தது. இரண்டு வடிவமும் சரியே என்று ஒருமனதாக ஏற்றிருக்கிறீர்கள். முத்திரையும் பழுதின்றி விழுந்திருக்கிறது. புறப்பட்டுவிட்ட கப்பலின் மேல் அச்சொல் செல்லுமா என்பதை மட்டும் எழுதவில்லை.

ஆதலால் என் ஆணை இது. மன்றத்தார் அனைவரும் இத்துறைக்கு வந்து, தங்கள் முடிவைத் தங்கள் வாயாலேயே உமைச்சிக்குப் படித்துச் சொல்ல வேண்டும். அதைச் செய்ய எனக்கு நெஞ்சுரம் இல்லை. துறையின் சங்குக் குறியிட்டு இவ்வோலை விடுத்தேன்.

அவள் வீட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்னும் கரையில்தான் நிற்கிறாள்.