இடது பக்கம் திரும்பிப் படுங்க

பிப்ரவரி 6
புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர்களுக்கு இதயத்தையும் அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்ப்பார்களாம். இன்று எனக்கு எடுத்தார்கள். எக்கோ எடுக்கும் பெண் வந்ததுமே, "இடது பக்கம் திரும்பிப் படுங்க சார்" என்றாள். ஊருக்கே இடம் வலம் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் நான். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். மார்பில் ஜெல்லைத் தடவியபோது, "குளிருதா?" என்று கேட்டாள். மனைவி போன பிறகு என்னிடம் அதைக் கேட்டவர் யாருமில்லை.

பிப்ரவரி 7
மகன் போன் செய்தான். "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, சரி வச்சிடறேன்." மூன்றும் ஒரே மூச்சில்.

ஏப்ரல் 11
மறுபடி எக்கோ. அவளிடம் சொல்வதற்கென்றே ஒரு வாரமாகக் கதை தேடினேன். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துக் காய்கறிக் கடைக்குள் புகுந்த வக்கீலின் கதை எடுபட்டது. "சிரிக்க வைக்காதீங்க சார், கை ஆடுது." பிறகு திரையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாள். என்னம்மா என்றேன். "டாக்டர் சொல்வாங்க சார்."

ஏப்ரல் 12
டாக்டர் சொன்னார்: "ரத்தத்தத் தள்ளுறது சரியாத்தான் இருக்கு. ஆனா தசை சுருங்குற அளவு போன தடவைய விடக் குறைஞ்சிருக்கு. உங்களுக்கு மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே கண்ணுல பட்டது நல்லதாப் போச்சு." மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்னும் குறைந்தால் புற்றுநோய் மருந்தை நிறுத்த வேண்டி வருமாம். நிறுத்திட்டா? அப்புறம் அந்த நோய யாரு பாக்கறது? பயமா இருக்கு. மகனிடம் "எல்லாம் நார்மல்" என்றேன்.
இனி மாதாமாதம் எக்கோவாம். வெட்கங்கெட்ட மனசு, அதைக் கேட்டுக் கொஞ்சம் சந்தோஷப்பட்டது.

மே 14
சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போனதும் கழற்றச் சொல்வார்கள், தெரியும்.

ஜூன் 16
தசை சுருங்கும் அளவு ஏறத் தொடங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தவில்லை. அவளுக்குச் சொல்ல இன்னும் இரண்டு கதைகள் மிச்சம் இருக்கின்றன.

செப்டம்பர் 19
மருந்து ஏற்றுவது ஜூலையிலேயே முடிந்தது. நோயின் சுவடே இல்லையாம். இன்றைய எக்கோவில் இதயத் தசையும் பழையபடி. "டாக்டர் சொல்லிட்டாங்க, இனிமே மாசாமாசம் அலைய வேண்டாம் சார். ஒரு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்." அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். நன்றி சொன்னேன்.
பஸ்ஸில் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது அழ ஆரம்பித்தேனோ தெரியவில்லை. பக்கத்து இருக்கை அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ரிசல்ட் சரியில்லைங்களா?"
"இல்லம்மா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க."