பெரிய வயலுக்குள் ஒரு வீடு

அக்டோபர் 14

பெரிய வயலை உழுதுகொண்டிருந்த தியெரி பாதியிலேயே திரும்பி வந்தான். கலப்பை உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி மண்ணை அடுப்படி மேசையில் கொட்டினான். மண்ணுக்குள் சின்னச் சின்னச் சதுரக் கற்கள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. கழுவினேன். வெள்ளை, செங்கல் நிறம், நீலம்.

"கொரீன், யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் புருஷன் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அக்டோபர் 15

போய்ப் பார்த்தேன். மூடுபனியில் வயலின் மறுபக்கமே தெரியவில்லை. மண்டியிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினேன். அதே சின்னக் கற்களைப் பதித்த தரை. ரோமானியர் காலத்ததாகத்தான் இருக்க வேண்டும். கொண்டுபோன தண்ணீரை ஊற்றினேன் — நனைந்ததும் நிறங்கள் விழித்துக்கொண்டன. ஒரு பேரிக்காய் மரம். இலைகள். கிளையில் மூன்று காய்கள்.

யார் நடந்தார்கள் இதன் மேல்? குழந்தை தவழ்ந்திருக்குமா? எவ்வளவு நேரம் இருந்தேனோ, எழுந்தபோது கால் மரத்திருந்தது.

அக்டோபர் 18

சண்டை. மேயரிடம் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம் என்றேன்.

"சொல்லு. ரெண்டு பழைய பானை கிடைச்சதுக்கே பக்கத்து நிலத்துக்கார கோந்த்ரான் வயல்ல தொல்பொருள்காரங்க வேலி போட்டாங்க. இன்னும் எடுக்கலை. அவன் வெளியே நின்னு வேடிக்கை பாக்குறான். நமக்கு உருப்படியான நிலம் இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் சரிவு, கல்லு. போன வருஷம் ஆலங்கட்டி மழை எதை மிச்சம் வெச்சுதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் மேயரிடம் போகவில்லை.

அக்டோபர் 23

மூடிவிட்டான். நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து. மண்ணைக் கையால்தான் தள்ளினானாம், அந்த இடத்தில் கலப்பையை இறக்கவே இல்லையாம், விதையை மேலாகத் தூவினானாம். பெரிய உபகாரம்! அப்படி என்ன அவசரம்? ஒரு தடவை என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா — பாத்துட்டு மூடியிருக்கலாமே.

நவம்பர் 30

கோதுமை முளைத்துவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது, பாவி.

பிப்ரவரி 9

கனவு. வயலுக்கு அடியில் யாரோ தரையைப் பெருக்குகிறார்கள். துடைப்பச் சத்தம் மட்டும் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. தியெரியிடம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். "எனக்கும்தான் சரியா தூக்கம் இல்லை," என்றான்.

மே 27

ஈஸ்டருக்குப் பிறகு மழையே இல்லை. இன்று பூசை முடிந்து வெளியே வந்தால், கோவில் மேட்டின் விளிம்பில் நின்று கோந்த்ரான் கத்துகிறான்: "டேய் தியெரி, உன் கோதுமைக்கு என்னடா சொறியா? கோடு கோடா இருக்கு!"

எட்டிக் கீழே எங்கள் வயலைப் பார்த்தோம். பச்சைக்கு நடுவே மஞ்சள் கோடுகள், நேர் நேராக. சுவர்கள்! அடியில் கல் இருக்கிற இடத்தில் ஈரமில்லாமல் பயிர் காய்ந்திருக்கிறது. அறை அறையாக, நடுவில் முற்றம், ஒரு பக்கம் நீளமான தாழ்வாரம். ஒரு முழு வீடு எங்கள் வயலில் படுத்துக் கிடந்தது, வெயில் காய்கிற மாதிரி.

கோந்த்ரான்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். தியெரி விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்.

"மேக்குக் காத்துக்கு முதுகைக் காட்டிக் கட்டியிருக்கான் பாரு, கொரீன். நம்ம வீடு மாதிரியே. விவரமானவன்."

மே 28

காலையில் தியெரி மேயர் அலுவலகத்துக்குக் கிளம்பினான். தானாகவே. நானும் வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றான்.

வந்து சொன்னான்: "போன அக்டோபரே தெரியும்னு சொல்லிட்டேன். மேயரம்மா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. அறுவடை முடிஞ்சதும் ஆள் வருவாங்களாம்." பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

செப்டம்பர் 12

வேலி வந்துவிட்டது. பெரிய வயலில் இந்த வருஷம் விதைப்பு இல்லை. அடுத்த வருஷமும் சந்தேகம்தான். கோந்த்ரான் தன் மேட்டு நிலத்தில் பாதியை உழுதுகொள்ளச் சொல்லியிருக்கிறான். போதுமா? தெரியவில்லை.

சாயங்காலம், தோண்டுகிறவர்கள் கிளம்பும்போது எங்களை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். ஓர் அறை முழுவதும் திறந்து கிடந்தது. நான் இறங்கப் போனேன். தியெரி என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். காலுறைகளையும்.

"என்ன பண்றே?"

"வீட்டுக்குள்ள போறோமில்ல," என்றான்.