வேலை செய்யாத சுவிட்ச்

அண்ணனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறைச்சல். உன் மாப்பிள்ளை எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

அவருக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். மரக்கன்றுப் பண்ணையில் அவர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

உனக்குத் தெரியாததா, இருந்தாலும் அந்த நாலு சக்கர பைக்கைப் பார்த்த மெக்கானிக் சொன்னதைக் கேள். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். சேற்றில் அதுவே வினை. வழுக்குகிற சக்கரம் சும்மா சுற்றும், மற்றது அசையாது. அதற்குத்தான் லாக். சுவிட்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றி வண்டியை இழுத்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் தள்ளிக்கொண்டு போகும்.

பண்ணை மண்ணில் ஓட்டிய வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்றுதான் முதல்முறை தார் ரோட்டில் ஏற்றினார். வளைவில் நேராகப் போய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது. "சுவிட்சை எடுக்க மறந்துட்டேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அவர் அழாத நாளில்லை.

மெக்கானிக் பின் அச்சுப் பெட்டியைத் திறந்து காட்டினார். சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. உள்ளே பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறது; சுவிட்சைப் போட்டாலும் எடுத்தாலும் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும். லாக் கெட்டதும் புதிது மாட்டச் சோம்பல்பட்டு நீ செய்த வேலை. சேற்றுப் பந்தயத்துக்கு உனக்கு அது போதும். அதை அப்படியே கல்யாணப் பரிசு என்று எங்கள் தலையில் கட்டினாயே, பாவி! ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

நேற்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "உங்க அண்ணன் தங்கமான மனுசன். என்னைத் தேத்தணும்னு அவர் மேல பழி போடாதே" என்று எரிந்து விழுந்தார். நான் சொன்னால் நம்பமாட்டார். நீ சொன்னால்தான் நம்புவார்.

நீ ஆசையாகக் கொடுத்த வண்டியை நாசம் பண்ணியதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார். இதோ, எழுதிவிட்டேன்.

பதிலை அவர் பேருக்கே போடு. மன்னித்தேன் என்று எழுதுவாயோ, செய்ததை எழுதுவாயோ, உன் இஷ்டம். நீ நோய்நொடியில்லாமல் நூறு வயது வாழ வேண்டும் என்று படுக்கையிலேயே அவர் தினமும் கைகூப்புகிறார். அதையும் இதோடு அனுப்புகிறேன்.

உன் தங்கை