கூடாரத்துக்கு மேலே ஒரு சாண்

பறவைகளின் தலைமைக் கணக்கரும் என் ஒரே மருமகளுமாகிய உனக்கு, மொட்டைமாடிப் பாலைவனத்தின் சக்கரவர்த்தியாகிய உன் மாமா ஆசிகளோடு எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான். நான் மட்டும் கொஞ்சம் வெந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. பறவை எண்ணப் போன இடம் மரம் மட்டை இல்லாத பொட்டல், வெயில் ஏறினால் கூடாரம் அடுப்பாகிறது, தலைவலி விடுவதில்லை, பறவைகளும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று வந்துவிட்டால் அம்மா கதவைத் திறப்பாளா என்று கேட்டிருந்தாய். கதவைப் பற்றிய கேள்வியைத் தொட எனக்குத் தைரியமில்லை. அவள் பேச்சை மீறி நீ கிளம்பிய நாளிலிருந்து, உன் பெயரை எடுத்தாலே சமையலறையில் வெறும் மிக்சி ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அடுப்பை மட்டும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

நண்பனிடம் கூடாரம் இரவல் வாங்கி மாடியில் அடித்தேன். எதிர்வீட்டு வாத்தியார் எட்டிப் பார்த்து, "என்ன சார், அக்கா வீட்டை விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றார். "அறிவியல் சார், அறிவியல்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை நிறுத்தினேன். அதுதான் என் கருவி. உச்சி வெயிலில் அது இடுப்பு வளைந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டது. வெறும் கூடாரத்துக்கே இந்த மரியாதை.

சரி, நிழல் போடுவோம் என்று லாரி ஷெட்டிலிருந்து பழைய தார்ப்பாயைக் கொண்டுவந்தேன். ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவன் நான். தார்ப்பாய் கட்ட எனக்கா சொல்லித் தர வேண்டும்? கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, ஒரு கொசு மூச்சு விடக்கூட இடமில்லாமல் கூடாரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். புயலே வந்து கெஞ்சினாலும் அவிழாத கட்டு. பிறகு உள்ளே புகுந்து படுத்தேன். மருமகளே, எரிமலையின் வயிற்றுக்குள் விருந்துக்குப் போனவனைப் போல ஆனேன். மெழுகுவர்த்தி குளமாகிவிட்டது. அந்தக் குளத்தில் நீ எண்ண நாலு கொக்குகள் வந்து இறங்கியிருக்கும்.

அப்போதுதான் துணி காயப்போட உன் அம்மா மாடிக்கு வந்தாள். தவழ்ந்து வெளியே வந்த என்னைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். "டேய், அறிவிருக்கா உனக்கு? மூட்டையைத்தான்டா இப்படி இறுக்குவாங்க. உள்ள இருக்கறது ஆளு!" என்றாள். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிக்சிக்கு வேலை வந்திருக்கும்.

தார்ப்பாயை அவளே அவிழ்த்தெறிந்தாள். கீழே போய் ஒரு வெள்ளை விரிப்போடு வந்தாள். துணிக்கொடிக் கம்பங்களில் அதை இழுத்துக் கட்டி, கூடாரத்துக்கும் அதற்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். ஒரு சாண் இடைவெளி. "மேல ஒட்டிக்கிட்டே கிடந்தா அதோட சூடும் சேர்ந்துதான் உள்ள இறங்கும். தள்ளி நின்னு நிழல் கொடுத்தாப் போதும்" என்றாள். கூடாரத்தின் வாசலைக் காற்று வரும் பக்கம் திருப்பவைத்து, பின்பக்க வலையையும் திறந்தாள். அடுத்த மெழுகுவர்த்தி சிப்பாய் மாதிரி நின்றது. சோதித்துப் பார்க்கிறேன் என்று உள்ளே போனவள் விட்ட குறட்டையில் மூன்று தெருப் பூனைகள் ஊரையே காலி செய்துவிட்டன.

அந்த விரிப்பு எது தெரியுமா? உன் கட்டிலில் இருந்தது. நீ போன பிறகு அதில் என்னை உட்காரக்கூட விட்டதில்லை அவள். இப்போது நான்கு மூலையிலும் கயிறு கோக்கக் காது வைத்து, இரட்டைத் தையல் போட்டு, மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இத்துடன் பார்சலில் வருகிறது. ஒரு சாண் மறக்காதே.

நேற்றுச் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்க காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குமாம்?" என்று கேட்டாள். நானும் கவனித்தேன், மிக்சி ஓடவில்லை. உன் கடிதத்தில் அது மேற்கிலிருந்து என்று தெளிவாகவே எழுதியிருந்தாய். ஆனாலும் சக்கரவர்த்தி முதல் முறையாகத் தன் அறியாமையை ஒப்புக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, தாயே, உனக்குப் புண்ணியமாய்ப் போகும். வருவதும் இருப்பதும் உன் இஷ்டம். ஆனால் காற்று எந்தப் பக்கம் என்பதை மட்டும் எனக்கு எழுதாதே, அவளுக்கு எழுது.

நிழலும் நீயும் நன்றாக இருங்கள்.

அரைவேக்காட்டில் மீண்ட
உன் மாமா