அன்று பறக்க வேண்டியவன் நான்

அன்பு மகளுக்கு,

முழங்காலின் பிடிவாதத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். அம்மா போனபின் இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பது அரிதாகிவிட்டது. போன வாரம் மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரை உட்காரவைத்து, விமானம் எப்படி மேலே எழும்புகிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன், பாவம், ஆளை விட்டால் போதும் என்று ஓடினார். நீ வேலை வேலை என்று அலையாமல் வேளைக்குச் சாப்பிடு.

அன்றைக்குப் பேசும்போது, "என் பொறந்த நாள்னா உங்களுக்கு ஏன்ப்பா ஆகாது? ஒரு வருஷமாவது கூட இருந்திருக்கீங்களா?" என்று கேட்டாய். சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நன்றாகவே விழுந்தது. "அவகிட்ட சொல்லிடுங்க" என்று அம்மா இருந்தவரை நச்சரித்தாள், இப்போதுதான் சொல்ல வாய் வருகிறது. போர் நடந்தபோது நான் குண்டுவீச்சுப் படையணி ஒன்றுக்குத் தலைவன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அடுத்த அதிகாரியை நெட்டை என்போம், விமானத்தில் உட்கார்ந்தால் கண்ணாடிக் கூரை தலையில் இடிக்கும். போரின் பதினோராம் நாள் மாலை நீ பிறந்த தகவல் வந்தது. மறுநாள் விடியலில் ஆற்றுப் பாலத்தைத் தாக்க நான்கு விமானங்கள் போக வேண்டும், பலகையில் முதல் பெயர் என்னுடையது. நெட்டை என்னைக் கேட்காமலே அதை அழித்துத் தன் பெயரை எழுதினார். "போய்ப் புள்ளய பாத்துட்டு வாங்க சார், பாலம் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். தலைவன் நான், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஜீப்பில் ஏறிவிட்டேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் உன்னை மடியில் வைத்திருந்த நேரத்தில் மூன்று விமானங்கள்தான் திரும்பின.

அவர் மனைவிக்கு நானே கடிதம் எழுதினேன், அன்று என் முறை என்பதை மட்டும் எழுதவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு நாளிலும் பறந்தேன், வீரம் என்று சொல்லிப் பதக்கம் குத்தினார்கள், பதவிமேல் பதவி ஏறி விமானப்படையின் உச்சிக்குப் பக்கம் வரை போனேன். வீரமும் இல்லை ஒன்றும் இல்லை, தரையில் இருக்கத்தான் பயம். உன் பிறந்த நாள் வந்தால் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியூர் போனதும் அதனால்தான், உன்மேல் ஒரு குறையும் கிடையாதம்மா.

நீ கேட்ட மறுநாளே பஸ் பிடித்து நெட்டையின் மனைவியைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். "தெரியும். ஜீப் ஓட்டினவர் அந்த மாசமே வந்து சொல்லிட்டார். நீங்களா வந்து சொல்வீங்கன்னுதான் நாப்பத்தொரு வருஷமா பாத்துட்டிருந்தேன்" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

இந்தத் தாளின் பின்பக்கம் அவர் முகவரி இருக்கிறது. உன் படம் ஒன்று கேட்டார், மறக்காமல் அனுப்பு, நீ வாய்விட்டுச் சிரிக்கிற படமாக இருக்கட்டும்.

மூவரும் நூறாண்டு நிறைவாக இருங்கள்.

உன் அப்பா