இது செம்பின் கோபம் இல்லை

பிப்ரவரி 12, 2024

மேனேஜர் இன்று பில்லை மேசையில் விசிறியடித்தார். கன்டெய்னர் எண்ணை நான் தப்பாக எழுதியதால் துறைமுக கேட்டில் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “என்னம்மா சுந்தரி, கோழி கிளறுன மாதிரி எழுதியிருக்க? மனசு எங்க இருக்கு?” என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்டேப்ளரைச் சுவரில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

கை ஏன் ஆடுகிறது? நான் ஆட்டவில்லையே.

பிப்ரவரி 20

அம்மா கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது என்று நான் சொன்னால், “வாய்க்கொழுப்பு குறைஞ்சா எல்லாம் சரியாவும்ளா” என்கிறாள். கயிற்றைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 4

கண்ணாடி மாற்றப் போனேன். கண் டாக்டர் விளக்கை அடித்து வெகு நேரம் பார்த்தார். கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் இருக்கிறதாம். “இது கண் வியாதி இல்ல. உடனே திருநெல்வேலிக்குப் போய் ஈரல் டாக்டரைப் பாருங்க” என்றார். கண்ணில் வளையம், அதற்கு ஈரல் டாக்டரா?

மார்ச் 15

இரத்தம், சிறுநீர் எல்லாவற்றின் முடிவும் வந்துவிட்டது. அப்பாவும் நானும் திருநெல்வேலிக்குப் போனோம். ஈரல் டாக்டர் வேல்விழி பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார்.

உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் பம்பு மாதிரி நொதிகள் உண்டாம். சோடியத்துக்கு ஒன்று, கால்சியத்துக்கு ஒன்று. செம்புக்கும் ஒன்று. ஈரல் செல்லில் அந்த நொதி ஒரு பக்கம் வாய் திறந்து செம்பு அயனியைப் பிடிக்கும். பிறகு செல்லின் எரிசக்தியைச் செலவழித்துத் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டு, சவ்வின் மறுபக்கம் வாய் திறந்து அதை விட்டுவிடும். மிஞ்சிய செம்பு பித்தநீரோடு வெளியே போய்விடும். சாப்பாட்டில் தினமும் வருகிற துளிச் செம்பு எல்லோரிடமும் இப்படித்தான் போகிறது.

என் நொதி பிறவியிலேயே பழுது. இருபத்து மூன்று வருடமாகச் சேர்ந்த செம்பு ஈரலை நிரப்பி, இரத்தத்தில் வழிந்து, மூளைக்கும் கண்ணுக்கும் போயிருக்கிறது. கை நடுக்கம், குழறல் எல்லாம் அதனால்தான். கோபம்கூட வரலாம் என்றார். ஆயுசுக்கும் மாத்திரை.

அப்பாவும் அம்மாவும் மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை. இரண்டு பேரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்திருக்கிறது. இரண்டும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன.

“கூடப் பிறந்தவங்க உண்டா?” என்று கேட்டார் டாக்டர். அக்கா முருகேஸ்வரி இருக்கிறாள் என்றேன். “அவங்களையும் கட்டாயம் சோதிக்கணும். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. வெளிய ஒண்ணும் தெரியாமலே உள்ள ஈரல் கெட்டுக்கிட்டிருக்கும்” என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். திரும்பும் வழியில் பஸ் வல்லநாடு தாண்டியதும் வாயைத் திறந்தார். “முருகேஸ்வரிகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாவும்?”

பஸ்ஸிலேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

ஏப்ரல் 3

வெறும் வயிற்றில் மாத்திரை. நடுக்கம் கூடித்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார். செம்பு அதிகமாம், கணவாய் மீன் கூடாது, நண்டு கூடாது, முந்திரி கூடாது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு முந்திரி போட்ட மக்ரூனும் கூடாது என்றால் மனுஷி என்னத்தைத் தின்பாள்!

ஏப்ரல் 21

பொறுக்க முடியாமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். வந்து சோதித்துக்கொள் என்றேன். அவள் சொல்கிறாள்: “நீ கோவத்துல பேசுத. செம்பு மூளைக்கு ஏறுனா அப்படித்தான்னு டாக்டரே சொன்னாங்களாம்லா. அப்பா சொன்னாரு.”

ஓஹோ! அதை மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறார்!

ஏப்ரல் 22

குழம்பில் உப்பு இல்லை என்றேன். அதுவும் செம்பு பேசுகிறதாம்.

மே 19

கயத்தாற்றிலிருந்து மாப்பிள்ளை ஜெயகணேஷும் அவன் அம்மாவும் வந்தார்கள், முகூர்த்தப் பட்டுக்கு நிறம் கேட்க. என்னை உள்ளே இருக்கச் சொல்லியிருந்தார்கள். இருந்தேன். “எங்க வீட்டுல யாருக்கும் ஒரு சீக்கும் கிடையாது” என்று அப்பா சொல்வது கேட்கும் வரைக்கும் இருந்தேன்.

வெளியே வந்து என் வியாதியைச் சொன்னேன். குழறித்தான் வந்தது. “அக்காவுக்கும் இருக்கலாம். சோதிக்காம கட்டிக்கொடுக்காங்க” என்றேன். அப்பா கையை ஓங்கினார். அந்த அம்மா எழுந்துவிட்டாள். காபியை யாரும் தொடவில்லை.

மே 20

வீட்டில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள்.

நேற்றுப் பேசியது யார்? செம்பா, நானா? நூறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். நான்தான். அக்காவை எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அப்படித் திட்டுவதும் நான்தான்.

ஜூன் 2

காலையில் அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள். “ஏளா, கிளம்பு. அந்த டாக்டரம்மாகிட்ட போவணும். அப்பாட்ட சொல்லாத.”

திடீரென்று என்ன என்று கேட்டேன். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். விரலால் அமுக்கினாள், பள்ளம் விழுந்தது. “பொங்கலுக்கு முந்தியே பிடிச்சு இப்படித்தான் வீங்குது. ஈரல் கெட்டாலும் இப்படி வீங்குமாம்லா. கல்யாணத்தைக் கெடுக்க வேண்டாம்னு பேசாம இருந்தேன்.”

திட்ட வாய் வந்தது. கிளம்பச் செருப்பைத்தான் தேடினேன்.

ஜூன் 14

அவளுக்கும் அதே பழுது. கண்ணில் வளையம் இல்லை, கையில் நடுக்கம் இல்லை, ஆனால் ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது. “இப்பமாவது வந்தீங்களே. மாத்திரையை விடாம சாப்பிட்டா இதோட நிறுத்திரலாம்” என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டில் அக்கா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். “ஏளா, அன்னைக்கே என்னை இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா? அப்பமே இன்னும் சத்தமா கத்தியிருக்கக் கூடாதா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் கத்தவில்லையாம்!

ஆகஸ்ட் 25

நின்றுபோன கல்யாணம் நடந்திருக்க வேண்டிய மாதம். டாக்டர் சொன்னதை வீட்டிலும் ஜெயகணேஷிடமும் அக்காவே சொல்லியிருந்தாள். இன்று அவன் போன் செய்தான். அவனுக்குச் சம்மதம்தானாம். ஆனால் மாத்திரை சமாச்சாரம் சொந்தத்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் அம்மா சொல்கிறாளாம்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். “ரூமுக்குள்ள வச்சு முழுங்கிக்கிட்டா போச்சு. யாருக்குத் தெரியப் போவுது?”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா டம்ளரைத் தரையில் அடித்தாள். இந்த வீட்டில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. “ஒளிச்சு வச்சுத் திங்கதுக்கு நான் என்ன களவாணியா? இப்படி ஒளிச்சுத்தானே என் ஈரல் போச்சு! எல்லாருக்கும் சொல்லிட்டுக் கட்டுனா கட்டட்டும். இல்லைன்னா போவட்டும்!”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போனை எடுத்துச் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணை அழுத்திக்கொண்டே தெருவில் இறங்கினார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அப்பாவுக்குப் போனில் மெதுவாகப் பேசவும் தெரியாது.

“ஆமா மச்சான்... ஈரல்ல... செம்பு வெளிய போவாத வியாதி. ரெண்டு பிள்ளைகளுக்கும்தான். ஆமா, ரெண்டு பேருக்கும். நல்லா கேக்குதா?”

எதிர்க் கடை அண்ணாச்சி தராசை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா அவருக்கு முதுகைக் காட்டவில்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார்.